எஞ்சின்களுக்கு வைத்த கண்ணிகள்

செஸ் பலகையில் ஒன்பது காய்களை மட்டும் வையுங்கள். வெள்ளை ராஜா ஏ1-ல். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7-ல். கறுப்புச் சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளையின் முறை. ஏழு சிப்பாய்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் எதுவும் அசையாது. நடமாடக்கூடியவர்கள் ராஜாக்கள் இருவர்தான்.

மூலையில் நிற்கும் வெள்ளை ராஜா எந்தப் பக்கம் காலெடுத்து வைக்க வேண்டும்? யாருக்கும் முதலில் தோன்றுவது பி2. நடுப்பலகைக்கு அதுதானே குறுக்குவழி! ஆனால் பி2-க்குப் போனால் கறுப்பு ராஜா ஏ8-க்கு ஒதுங்கிவிடும். அதன்பின் வெள்ளை எப்படிச் சுற்றி வந்தாலும் கறுப்பு சரியான கட்டத்தில் வந்து மறித்துக்கொள்ளும், ஆட்டம் டிரா. வெல்லும் நகர்வு பி1. முன்னேறாமல் கடைசி வரிசையிலேயே ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்வது. காரணம் இதுதான்: வெள்ளை ராஜா நிற்கும் ஒவ்வொரு முக்கியக் கட்டத்துக்கும் கறுப்பு ராஜா நிற்க வேண்டிய இணைக்கட்டம் ஒன்று உண்டு. பி1-க்கு இணை ஏ7. கறுப்பு இப்போது அங்கேதான் நிற்கிறது, ஆனால் முறை அதனுடையது. நகர்ந்தே தீர வேண்டும். நகர்ந்தால் இணை குலைந்துவிடும். குலைந்த இணையைத் திரும்பப் பிடிக்க முடியாமல், சில நகர்வுகளுக்குப் பின் சி4 வழியாகவோ ஜி5 வழியாகவோ வெள்ளை ராஜா உள்ளே புகுந்துவிடும்.

1901-ல் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கரும் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ரைக்ஹெல்மும் தந்த நிலை இது. 1941-ல் வெளிவந்த ரூபன் ஃபைனின் இறுதியாட்ட நூலில் 70-ஆம் எண் பெற்றதால், செஸ் நிரல் எழுதுபவர்கள் இதை ‘ஃபைன் 70’ என்றே அழைக்கிறார்கள். (இணைக்கட்டங்கள் என்ற ஒரே பொருளைப் பற்றி 1932-ல் ஒரு தனிப் புத்தகமே வந்தது. எழுதியவர்களில் ஒருவர், சிறுநீர்க் கலத்தைக் கலைப்பொருளாகக் கண்காட்சிக்கு அனுப்பிய மார்செல் துஷாம். ஓவியத்தைக் குறைத்துக்கொண்டு செஸ்ஸில் மூழ்கியவர் அவர்.)

கணினிக்கு இது ஏன் கஷ்டம்? ஒரு ராஜாவுக்குச் சராசரியாக ஆறு நகர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பும் சேர்ந்து 20 நகர்வுகள் முன்னோக்கிப் பார்க்க வேண்டுமென்றால் 6-ஐ 20 முறை பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 3,650 லட்சம் கோடி வழிகள். 1970-களின் இயந்திரங்கள் இதன் கிட்டேகூட நெருங்க முடியாது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிப்பாய்கள் போக மீதமிருக்கும் 57 கட்டங்களில் இரண்டு ராஜாக்களை வைக்கும் விதங்கள் 57 × 56, அதாவது 3,192. யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் 6,384. அவ்வளவுதான்! வழிகள் கோடானுகோடி, அவை போய்ச் சேரும் நிலைகளோ ஆறாயிரத்துச் சொச்சம். நினைவில்லாத புரோகிராம், ஒரே தெருவுக்கு வெவ்வேறு சந்துகள் வழியாக வந்துவிட்டு ஒவ்வொரு முறையும் புது ஊருக்கு வந்ததாக எண்ணிக்கொள்ளும் மனிதரைப் போன்றது.

பார்த்த நிலைகளையும் அவற்றுக்குக் கண்ட முடிவுகளையும் அட்டவணையாகச் சேமித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு பலகை நிலையை ஒரே எண்ணாகச் சுருக்கி அட்டவணையில் தேடும் முறையை 1970-ல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் எழுதி வைத்தார். இன்றுவரை ஏறத்தாழ எல்லா எஞ்சின்களுக்குள்ளும், அதாவது செஸ் ஆடும் நிரல்களுக்குள்ளும், அதுதான் இருக்கிறது. அட்டவணை சரியாக வேலை செய்தால் ஃபைன் 70 இமைப்பொழுதில் விடுபடும். ஒரு எஞ்சின் இதில் திணறினால் அதன் செஸ் அறிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நினைவு அட்டவணையில் எங்கோ பிழை என்று அர்த்தம். புதிதாக எஞ்சின் எழுதுபவர்கள் முதலில் ஓட்டிப் பார்க்கும் நிலைகளில் இது இன்றும் இருப்பது அதனால்தான்.

நல்ல சோதனை நிலையின் இலக்கணம் இதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. அது எஞ்சினுக்கு மதிப்பெண் போடுவதில்லை. எஞ்சின் எதைப் பார்க்காமல் மிச்சம் பிடிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. எல்லா நகர்வுகளையும் எந்த எஞ்சினாலும் பார்க்க முடியாது. எனவே ஏதோ ஒரு விதியை வைத்துக்கொண்டு பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட குப்பையில் எப்போதாவது மாணிக்கம் கிடக்கும். இறுதியாட்டத்தில் அது அடிக்கடி நடக்கிறது.

அப்படியொரு தள்ளுபடி விதி ‘வெற்று நகர்வு’. நான் இந்த முறை நகர்த்தாமல் சும்மா இருந்து, எதிராளிக்கு இன்னொரு நகர்வை இலவசமாகத் தந்தாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறதென்றால், இந்தக் கிளையை மேலும் தோண்ட வேண்டாம் என்று எஞ்சின் முடிவு செய்கிறது. நடு ஆட்டத்தில் அருமையான யோசனை. 1990-களில் இது பரவியபின் எஞ்சின்கள் அதே நேரத்தில் பல நகர்வுகள் ஆழமாகப் பார்க்கத் தொடங்கின. ஆனால் இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: நகர்த்துவது எப்போதும் நகர்த்தாமல் இருப்பதைவிட மேல். இறுதியாட்டத்தில் இது பொய்த்துப்போகும். சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், நகர்ந்தே ஆக வேண்டியிருப்பதால் தோற்கிறோம் என்ற நிலையை ஜெர்மன் சொல்லால் ‘ஸுக்ஸ்வாங்’ என்பார்கள். மேலே ஏ7-ல் நிற்கும் கறுப்பு ராஜாவின் அவஸ்தை அதுதான். வெற்று நகர்வை நம்பும் எஞ்சினுக்கு ஸுக்ஸ்வாங் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும்போது இந்த விதியை அணைத்துவைப்பது வழக்கமாயிற்று.

1998-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் கிராண்ட்மாஸ்டர்கள் டொபலோவும் ஷிரோவும் ஆடிய ஆட்டம் வேறு வகைக் கண்ணி. கறுப்பில் ஆடிய ஷிரோவுக்கு இரண்டு சிப்பாய்கள் அதிகம். ஆனால் இருவரின் பிஷப்புகளும் எதிரெதிர் நிறக் கட்டங்களில். இத்தகைய ஆட்டங்கள் இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவில் முடிவது சகஜம். கறுப்பு ராஜா இ4-க்கு விரைய வேண்டும். வழியில் எஃப்5-ல் சொந்த பிஷப்பே நிற்கிறது. பிஷப் விலக வேண்டும், இ4-ஐயும் அடைக்கக் கூடாது, வெள்ளை ராஜாவுக்கு ஒரு நகர்வு அவகாசமும் தரக் கூடாது. மூன்றுக்கும் பொருந்தும் கட்டம் ஒன்றே: எச்3. அங்கே வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டிக்கொள்ளலாம்! 47-வது நகர்வில் ஷிரோவ் பிஷப்பை அங்கே வைத்தார். டொபலோவ் வெட்டினார். கறுப்பு ராஜா எஃப்5, இ4 என்று ஓடியது. 53-வது நகர்வில் வெள்ளை கைவிட்டது.

அன்றைய புரோகிராம்களுக்கு இந்த நகர்வு பிடிபடவில்லை. பிஷப்பைச் சும்மா கொடுக்கும் நகர்வைப் பட்டியலின் அடியில் தள்ளி மேலோட்டமாகப் பார்ப்பதே அவற்றின் பழக்கம். பலன் தெரிய இன்னும் பல நகர்வுகள் போக வேண்டும். ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு புதிய எஞ்சினின் முன்னாலும் இந்த நிலை வைக்கப்பட்டது. இன்று சாதாரண மடிக்கணினியே இதைக் கண்டுபிடித்துவிடும். அதோடு சோதனையாக இதன் ஆயுளும் முடிந்தது.

சோதிப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையும் ஒரு வரி எழுத்தாகக் கோப்பில் இருக்கும்: காய்களின் இடம், யார் முறை, சரியான நகர்வு எது அல்லது தவிர்க்க வேண்டியது எது. எஞ்சினுக்கு ஒரு நிலைக்கு இத்தனை விநாடி என்று கொடுத்து, எத்தனையைக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் என்று குறித்துக்கொள்வார்கள். எளிதாகத் தெரிகிறது, ஆனால் தடுக்கி விழ இடங்கள் பல. ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர் கோர்களில் ஓடும் எஞ்சின், ஒரே நிலையை இருமுறை கொடுத்தால் இரு வேறு நேரங்களைக் காட்டும். எந்தக் கோர் எதை முதலில் அட்டவணையில் எழுதியது என்பதைப் பொறுத்தது அது. முந்தைய நிலையின் நினைவை அழிக்காமல் அடுத்ததைக் கொடுத்தால் விடை கசிந்துவிடும். சரியான நகர்வைத் தவறான காரணத்துக்காக ஆடியிருக்கவும் கூடும். அதனால்தான் நகர்வோடு அது காட்டும் மதிப்பீட்டையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: விடை சரியா என்று எப்படித் தெரியும்? பல நூற்றாண்டுகளாக விடைகளை எழுதியவர்கள் மனிதர்கள். அவற்றைத் திருத்த ஒரு வழி பிறந்தது இறுதியாட்டத்தில் மட்டும்தான். மேட் ஆன நிலைகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். எந்த நிலைகளிலிருந்து ஒரே நகர்வில் மேட்டுக்குப் போகலாம், எவற்றிலிருந்து எதிராளி எப்படி நகர்ந்தாலும் அவற்றுக்குள் விழுவார் என்று ஒவ்வொரு படியாகப் பின்வாங்கினால், குறிப்பிட்ட காய்கள் கொண்ட எல்லா நிலைகளுக்கும் வெற்றியா டிராவா என்ற இறுதித் தீர்ப்பு கிடைத்துவிடும். ரிச்சர்ட் பெல்மன் 1965-ல் இந்த வழியைச் சொன்னார். 1970-ல் தாமஸ் ஷ்ட்ரோலைன் தன் ஆய்வேட்டில் செய்துகாட்டினார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் பெல் ஆய்வகத்தில் இதைப் பெரிதாக வளர்த்தார்.

தாம்சனின் முதல் பலியாடுகளில் ஒருவர், பலமுறை அமெரிக்க சாம்பியனான வால்டர் பிரௌன். ராணியும் ராஜாவும் ஒரு பக்கம், யானையும் ராஜாவும் மறுபக்கம். ராணி வெல்லும் என்பது புத்தகங்களில் இருந்த சேதி. எந்த நிலையிலும் அதிகபட்சம் 31 நகர்வுகளில் யானை விழும் அல்லது மேட் ஆகும் என்பது தாம்சனின் அட்டவணை சொன்ன சேதி. யானைப் பக்கம் கணினி. 50 நகர்வுக்குள் ஜெயிப்பேன் என்று பந்தயம் கட்டிய பிரௌன் தோற்றார். யானையை ராஜாவோடு ஒட்டியே வைக்க வேண்டும் என்ற பாடத்தைக் கணினி மதிக்கவில்லை. தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் நூலிழையில் தப்பித்தது. பிரௌன் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு இரண்டாம் பந்தயத்துக்கு வந்தார். இம்முறை ஜெயித்தார், சரியாக 50-வது நகர்வில்.

இரண்டு பிஷப்புகளுக்கு எதிராகத் தனிக் குதிரை தாக்குப்பிடிக்கும் என்று கிளிங்கும் ஹார்விட்ஸும் 1851-ல் ஓர் அரணைக் காட்டியிருந்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் யாரும் மறுக்கவில்லை. 1983-ல் தாம்சனின் கணினி அந்த அரணை உடைத்தது. பிஷப்புகள் பொதுவாக வெல்லும், ஆனால் 66 நகர்வுகள் வரை ஆகலாம். ஐம்பது நகர்வுகள் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் போனால் டிரா கோரலாம் என்ற விதியை இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள் ஆட்டங்காண வைத்தன. சில இறுதியாட்டங்களுக்கு எல்லையை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு, போதும் என்று எல்லாவற்றுக்கும் 50-க்கே திரும்பிவிட்டார்கள். 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமோனோசொவ் கணினியில் ஏழு காய் அட்டவணைகள் முடிந்தன. அவற்றில் மேட் ஆக 549 நகர்வுகள் தேவைப்படும் நிலை ஒன்று அகப்பட்டது. அந்த நகர்வுகளை வாசித்துப் பார்த்தால் மனிதருக்கு ஒன்றும் விளங்காது. முதல் 500 நகர்வுகளில் என்ன முன்னேற்றம் என்று எந்த கிராண்ட்மாஸ்டராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

இன்று பரவலாகப் பயன்படும் ஸிஸிஜி அட்டவணைகளில் ஏழு காய் வரையுள்ள நிலைகள் அத்தனையும் இருக்கின்றன: ஏறத்தாழ 424 லட்சம் கோடி நிலைகள், 17 டெராபைட் வட்டிடம். ஆறு காய் வரை என்றால் 150 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். சோதிப்பவர்களுக்கு இது வரமும் தொந்தரவும். ஏழு காய்க்குள் இருக்கும் விடைகளை இனி சந்தேகிக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற பழைய புதிர்கள் பலவற்றில் ஓட்டை இருந்ததும் வெளியே வந்துவிட்டது. ஆனால் அட்டவணையை இணைத்துவிட்டு எஞ்சினைச் சோதித்தால், பரீட்சை எழுதுவது எஞ்சின் அல்ல, ஹார்ட் டிஸ்க். எனவே நல்ல சோதனை நிலைகள் இப்போது ஏழு காய்க்கு மேல்தான் வாழ்கின்றன.

அங்கேதான் இயந்திரங்களின் நீடித்த பலவீனம் இருக்கிறது: கோட்டை. காய் பலத்தில் பரிதாபமாகப் பின்தங்கியவர் எதிராளி உள்ளே வரவே முடியாதபடி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் நிலை. 2017-ல் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் அமைந்த நிறுவனம் இப்படியொரு நிலையை உலகுக்கு விட்டது. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும். கறுப்புக்கு ராணி, இரண்டு யானைகள், மூன்று பிஷப்புகள், ஐந்து சிப்பாய்கள். கறுப்பின் ராணியும் யானைகளும் தங்கள் சிப்பாய்களுக்கு நடுவே மூலையில் நசுங்கிக் கிடக்கின்றன. பிஷப்புகள் மூன்றும் கருங்கட்டத்தில் மட்டும் ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்தினால் அதை யாரும் தொட முடியாது. செஸ் விதிகள் தெரிந்த எவருக்கும் ஐந்து நிமிடத்தில் புரியும். எஞ்சின்களோ கறுப்பு அமோகமாக ஜெயிப்பதாக மதிப்பீட்டு எண்களைக் காட்டின.

மனித உணர்வு வெறும் கணக்கல்ல என்ற தன் பழைய வாதத்துக்கு பென்ரோஸ் இதையும் துணைக்கு அழைத்தார். அந்தப் பாரத்தை இந்த நிலை தாங்காது. எஞ்சினை வெள்ளையில் ஆட விட்டால் அது ராஜாவை அங்குமிங்கும் நகர்த்தி டிராவே செய்யும். பிழை எண்ணில்தான், ஆட்டத்தில் அல்ல. ஆனால் அந்த எண்ணைத்தான் நாமெல்லாம் இப்போது நம்பிக்கொண்டிருக்கிறோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன் போட்டியின் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 14-வது ஆட்டத்தில் டிங் லிரென் 55-வது நகர்வாக யானையை எஃப்2-ல் வைத்ததும், சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆகப்போகிறார் என்று அந்த எண்ணைக் காட்டும் திரை ஓரத்துக் கம்பி ஒரே தாவலில் சொல்லிவிட்டது. யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டுச் சிப்பாய் ஆட்டமாகச் சுருங்கும் நிலை அது. அந்த மாதிரி இடத்தில் கம்பி சொல்வது வேதவாக்கு. கோட்டை நிலையில் அதே கம்பி வாய்கூசாமல் பொய் சொல்லும்.

எண் சரியாக இருந்தும் மனிதருக்குப் பயன்படாத இடமும் உண்டு. 2018 லண்டன் உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கார்ல்சனுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய கருவானாவுக்கு 68-வது நகர்வில் வெற்றி இருப்பதாக நார்வேயில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த பெரிய கணினி கண்டுபிடித்தது. பிஷப்பை எச்4-ல் வைத்து, இரண்டு நகர்வுக்குப் பின் குதிரையை ஜி1-க்கு அனுப்ப வேண்டும். ஜி1 எதிராளியின் கடைசி வரிசை. குதிரை போய் மாட்டிக்கொள்ளும் கட்டம். கருவானா அப்படி ஆடியிருந்தால் உடனே மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள் என்றார் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ். ஆட்டம் 80 நகர்வில் டிரா.

எஞ்சின்களுக்குள் நரம்பியல் வலைகள் வந்தபின் அவற்றின் குருட்டிடங்கள் இடம் மாறின. நெதர்லாந்தின் கைஸ் வான் ப்ரூக்கெலன் அமைத்த புதிர் ஒன்று, 1987-ல் பிரஸ்ஸல்ஸ் போட்டியின்போது கிராண்ட்மாஸ்டர் ஜேம்ஸ் பிளாஸ்கெட் காட்டியதால் அவர் பெயரிலேயே புகழ்பெற்றது. அங்கிருந்த கிராண்ட்மாஸ்டர்கள் விழித்தார்கள். பூங்காவில் ஒரு நடை போய்வந்த முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் தால் விடையோடு திரும்பினார் என்பார்கள். வெள்ளை புதிதாகக் கிடைத்த ராணியைக் கொடுத்துவிட வேண்டும், கறுப்பு தன் சிப்பாய்களை ராணியாக்காமல் குதிரைகளாக்கித் தப்பப் பார்க்க வேண்டும் என்று போகும் விசித்திரம் அது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் புதிரை இரண்டு எஞ்சின்களிடம் கொடுத்தது. கோடிக்கணக்கில் நிலைகளைத் துழாவும் ஸ்டாக்ஃபிஷ் விடையை அடைந்தது. குறைந்த நிலைகளை மட்டும், வலையின் உள்ளுணர்வை நம்பித் தேர்ந்து பார்க்கும் லீலா அடையவில்லை. லீலாவின் வலை தனக்குத்தானே ஆடிய ஆட்டங்களில் பயின்றது. ராணியைத் தானம் செய்யும் நகர்வு அவற்றில் எத்தனை முறை பலித்திருக்கும்? வலை அதற்குக் கொடுத்த முன்மதிப்பு மிகக் குறைவு, ஆகவே தேடல் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

இவ்வளவு சோதனைகள் இருந்தும் எஞ்சின் உருவாக்குபவர்கள் இவற்றை வைத்து முன்னேற்றத்தை அளப்பதில்லை என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பை நடத்துகிறது. தன்னார்வலர்களின் கணினிகளில் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதும். புள்ளிவிவரப்படி புதியது மேல் என்று உறுதியானால்தான் மாற்றம் ஏற்கப்படும். அதில் அடிக்கடி நடப்பது: விசித்திரமான நகர்வுகளை இன்னும் கண்டிப்பாகத் தள்ளும் மாற்றம் ஆட்டங்களை ஜெயிக்கிறது, புதிர்களில் தாமதமாகிறது. ஆயிரம் ஆட்டத்தில் ஒருமுறை வரும் பிஷப் எச்3-க்காக எல்லா ஆட்டத்திலும் நேரம் செலவழிப்பது லாபமில்லை. ஆகவே எஞ்சின்கள் பலம் கூடக்கூடப் புதிர் விடுவிப்பதில் சோம்பேறி ஆவதும் உண்டு.

புதிர் அமைப்பவர்களுக்கும் பழைய ஆட்டங்களை ஆராய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்காகவே ஸ்டாக்ஃபிஷ்ஷிலிருந்து கிரிஸ்டல் போன்ற கிளைகள் பிரிந்தன. நகர்வுகளைத் தள்ளுவதில் கை குறைத்து, கோட்டைகளையும் அடைப்புகளையும் கண்டுகொள்ளத் தனியாகத் திருத்தப்பட்டவை அவை. போட்டியில் அசல் ஸ்டாக்ஃபிஷ்ஷிடம் தோற்கும். மூலையில் நசுங்கிய ராணியும் கருங்கட்டப் பிஷப்புகள் மூன்றும் நிற்பது போன்ற கோட்டைகளில், அசலுக்கு முன்பே எண்ணைப் பூஜ்யத்துக்கு இறக்குவதே அவற்றின் நோக்கம்.